மஞ்சா, புகையா

சின்னமனூரில் நான் கம்பம் பஸ் ஏறியபோது, முன் சீட்டில் மலையிலிருந்து இறங்கி வந்த ஒரு புருஷனும் பெண்டாட்டியும் இருந்தார்கள். அவர் மடியில், தோட்டத்துத் துரை வர்ணத்தில் தீட்டிக் கொடுத்த படம் ஒன்று விரிந்து கிடந்தது.

“மலை இருக்கு, காடு இருக்கு. நம்ம வீட்டைக் காணோமே,” என்றாள் அந்த அம்மாள்.

“மரம் மறைச்சிருச்சு. இந்தா, வெள்ளையாத் தெரியுதுல்ல, அது நம்ம அடுப்புப் புகை.”

“துரை மஞ்சு மூட்டம்னுல்ல நெனச்சிருப்பாக.”

“நெனச்சிட்டுப் போகட்டும். படத்துக்குப் பின்னாடி வருசம் எழுதிருக்காக. காட்டுக்கு எல்லைக்கல்லு நட்டது அதுக்கு அடுத்த வருசம். கல்லுக்கு முன்னாடியே நாம அங்கன குடியிருந்தோம்னு ரேஞ்சருக்குக் காட்ட நம்மகிட்ட வேற என்ன இருக்கு?”

“அவரும் மஞ்சுன்னு சொல்லிட்டாருன்னா?”

பஸ் அனுமந்தன்பட்டியைத் தாண்டும்போது அவர் படத்தை ஜன்னல் வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்த்தார்.

“மஞ்சுன்னா பரந்து கெடக்கும். இது ஒரே எடத்துலருந்து ஒத்தையாக் கிளம்புது. காட்டுல திரியிற மனுசனுக்கு அது தெரியாதா?”

அந்த அம்மாள் வெள்ளையை விரலால் தடவிப் பார்த்தாள்.

“இங்கன சாயமே பூசலை. வெறுங் காயிதம்.”

“துரை வரைஞ்ச அன்னைக்கு எதுக்கு இம்புட்டுப் புகை போட்டே?”

“நீங்கதான ஈர வெறகைக் கொண்டாந்து போட்டீக. கண்ணெரிஞ்சு அன்னைக்குப் பூராம் உங்களை வைஞ்சேன்.”

“அதையும் ரேஞ்சர்கிட்டச் சொல்லு,” என்றார்.