இழுவைச் சோதனை

உங்கள் மின்விசிறிக்கு இரண்டு சொட்டு எண்ணெய் விட்டால் போதும். சத்தத்தை வைத்துச் சொல்கிறேன், பேரிங் இன்னும் போகவில்லை. ஒரு ஸ்டூல் இருந்தால் நானே பார்த்துவிடுவேன். சரி, அதற்காக நான் வரவில்லை. என் தங்கையின் கணவர் டிராக்டர் கவிழ்ந்து இறந்ததை விபத்து என்று எழுதி முடித்துவிட்டதாக ஸ்டேஷன் வாசலில் இருக்கும் கான்ஸ்டபிள் சொன்னார். நீங்கள் எழுதியதில் ஒரு தவறு இருக்கிறது. அதைத் திருத்தத்தான் வந்தேன்.

நான் பட்டறை வைத்திருக்கிறேன். டிராக்டர், தண்ணீர் பம்ப், ஜெனரேட்டர், எது வந்தாலும் பார்ப்பேன். பக்கத்தில் நின்று காது கொடுத்தாலே பாதி வேலை முடிந்துவிடும் என்று என்னைப் பற்றிச் சொல்வார்கள். அந்தப் பெயரைத் தவிர நான் பெரிதாக எதுவும் சேர்த்துவைக்கவில்லை. நிலம் அப்பா எனக்கும் தங்கைக்கும் பொதுவாக விட்டுப்போனது. டிராக்டரும் அப்பாவுடையதுதான், என்னைவிட வயதில் மூத்தது. மாப்பிள்ளைக்கு டவுனில் செருப்புக்கடை. விடுமுறை நாளில் வந்து கூடமாட உதவி செய்வார். நல்ல மனிதர். என் தங்கையை ஒரு சொல் கடிந்து பேசியதில்லை. அவரிடம் இருந்த ஒரே குறை, எதையும் சிரித்துக்கொண்டே சொல்வார்.

டிராக்டரின் கோளாறு இதுதான். சும்மா ஓடும்போது தங்கம். சாலையில் ஒரு குறையும் சொல்ல முடியாது. கலப்பையை இறக்கி, மண்ணில் பிடித்து, வயலின் அடுத்த கோடியைத் தொடுவதற்குள் மூச்சு வாங்க ஆரம்பிக்கும். சத்தம் இறங்கும், இளைக்கும், நின்றுவிடும். கொஞ்ச நேரம் விட்டுவிட்டு ஸ்டார்ட் செய்தால் ஒன்றுமே நடக்காத மாதிரி ஓடும். கறுப்பாகப் புகை தள்ளினால் காற்று போதவில்லை என்று அர்த்தம். புகையே இல்லாமல் இளைத்தால் டீசல் போதவில்லை. எங்கள் வண்டியில் புகை இல்லை. ஆக, டீசல் வழியில் எங்கோ தடை. இது முதல் நாளே எனக்குத் தெரியும். "பத்து நிமிஷத்துல சரி பண்ணிடலாம் மாப்ள" என்று நான்தான் சொன்னேன்.

அப்போதுதான் அவர் அதைச் சொன்னார். "டேங்குக்குள்ள ஏதாச்சும் கெடக்குமோ மச்சான்?"

செருப்பு விற்கிறவர் சொல்கிறார். அந்தப் பருவம் தொடங்குவதற்கு முன்னால் டேங்கை நான் என் கையால் கழற்றி, கழுவி, வெயிலில் காயவைத்து மாட்டியிருந்தேன். அதைச் சொன்னேன். சரி மச்சான் என்று விட்டுவிட்டார். விட்டுவிட்டார் என்றுதான் நினைத்தேன்.

ஃபில்டரை மாற்றினேன். மாறவில்லை. டேங்க் மூடியில் காற்றுத் துளை அடைத்திருக்கிறதா என்று பார்த்தேன், ஊசி விட்டுக் குத்தினேன். குழாயை ஊதினேன். கைபம்பைப் பிரித்தேன். நாசிலைச் சோதித்தேன். இன்ஜினுக்கு டீசலைத் தள்ளும் பெரிய பம்பைக் கழற்றி, அதற்கென்றே இருக்கிற கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். பம்ப் கடைக்காரன் இரண்டு நாள் வைத்திருந்து, பம்பில் குறையே இல்லை என்று என்னை ஒரு மாதிரி பார்த்தான். ஒவ்வொரு முறை மாட்டும்போதும் இதுதான், இதோடு முடிந்தது என்று நினைப்பேன். ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் இளைக்கும். சில நாள் ஸ்பேனரைத் தூக்கிச் சுவரில் எறிந்திருக்கிறேன். பிறகு நானே போய் எடுத்துவந்து துடைத்து வைப்பேன்.

டேங்கையும் பார்க்காமல் இல்லை. கீழே குழாயைக் கழற்றி டீசல் ஒழுங்காக வருகிறதா என்று ஒரு குவளையில் பிடித்துப் பார்த்தேன். கொட்டியது. மூடிவிட்டேன். ஒரு வாளி நிறையும்வரை விட்டிருக்க வேண்டும். பட்டறைக்கு வருகிற ஒவ்வொருவனுக்கும் நான் அதைத்தான் சொல்வேன்.

இதற்குள் எனக்குப் பெயர் வைத்தாகிவிட்டது. "பத்து நிமிஷம் சாப்பிட்டாச்சா?" என்று மாப்பிள்ளை தங்கையிடம் கேட்பார். அவளும் சிரிப்பாள். குழந்தைகள் 'பத்து நிமிஷ மாமா' என்றார்கள். பிறகு உதிரிபாகக் கடைக்காரர். பிறகு என் வாடிக்கையாளர்கள். ஒருவர் ஜெனரேட்டரைக் கொண்டுவந்து இறக்காமலே, வண்டியில் இருந்தபடி, "பத்து நிமிஷத்துல ஆகுமா, இல்ல ஆறு மாசமா?" என்றார். சிரித்துக்கொண்டே திருப்பிக்கொண்டும் போய்விட்டார். அவரை நான் குறை சொல்லவில்லை. மாப்பிள்ளைமீதும் கோபம் இல்லை. ஒவ்வொரு விடுமுறைக்கும் வந்து, சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு, "டேங்க் பாத்தீங்களா மச்சான்?" என்று கேட்பார். கேட்டுவிட்டுச் சிரிப்பார். அவ்வளவுதான்.

கடைசியாக, டவுனிலிருந்து வேறொரு மெக்கானிக்கைக் கூட்டிவருவதாகச் சொன்னார். தங்கையும் பக்கத்தில் இருந்தாள். "உங்களுக்கும் கொஞ்சம் ரெஸ்ட்டா இருக்கும்ணே" என்றாள். என் பட்டறைக்குள், என் அப்பாவின் வண்டிமேல், இன்னொருவன் கை வைப்பது எனக்கு ஓய்வாம். சரி என்றேன். அவர்கள் போனதும் டேங்கைத் திறந்து, மொத்த டீசலையும் வாளியில் விட்டேன். அரை வாளியில் ஓட்டம் மெலிந்தது. டேங்கில் டீசல் இருக்கும்போதே சொட்டுச் சொட்டாக ஆனது. நின்றது. உள்ளே கை விட்டு எடுத்தேன்.

நீலப் பாலித்தீன், கைக்குட்டை அளவு. டேங்கைக் கழுவிக் காயவைத்தபோது தூசி விழக்கூடாது என்று வாயில் கட்டி வைத்திருந்தேன். கட்டை அவிழ்க்காமல் பிய்த்து எடுத்திருக்கிறேன். ஒரு துண்டு உள்ளே போயிருக்கிறது. டீசல் வேகமாக இழுக்கும்போது அது வந்து துளையில் ஒட்டிக்கொள்ளும், இன்ஜின் நின்றதும் விலகிப்போய்விடும். எளிமையான கோளாறு. அவர் முதல் நாள் சொன்ன கோளாறு.

பாலித்தீனை எரித்துவிட்டு, பம்பில் குறை என்று சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். நானும் யோசித்தேன். ஆனால் அவர் நம்பமாட்டார். ஒன்றும் சொல்லமாட்டார், சிரிப்பார். இனி எந்தக் கல்யாணத்தில், எந்தப் பந்தியில் உட்கார்ந்தாலும், "மச்சான்கிட்ட டேங்கப் பத்திக் கேளுங்க" என்பார். எனக்கு வயதாகிப் படுத்த படுக்கையாகக் கிடந்தாலும் வந்து நின்று கேட்பார். தவிர, நான் பொய் சொல்கிற ஆள் இல்லை.

எங்கள் இழுவைச் சோதனை எப்படி என்று சொல்ல வேண்டும். பட்டறைக்குப் பின்னால் சரளை கொட்டிய இடத்தில் ஒரு பெரிய அடிமரம் இருக்கிறது. வெட்டிய பிறகும் வேர் அசையவில்லை. டிராக்டரை அதில் சங்கிலியால் கட்டி, முதல் கியரில் இழுக்கவிட்டால் கலப்பை பூட்டிய சுமை கிடைத்துவிடும். மாப்பிள்ளை மேலே உட்கார்ந்து ஓட்டுவார், நான் கீழே நின்று காது கொடுப்பேன். சங்கிலி மாட்டுவது எப்போதும் என் வேலை. அவர் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை. சங்கிலி பின் அச்சுக்குக் கீழே, தாழ்வான கொக்கியில்தான் மாட்ட வேண்டும். அச்சுக்கு மேலே மாட்டினால், வண்டி முன்னே போக முடியாமல், முன்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு பின்னால் புரண்டுவிடும். வலுவில்லாத இன்ஜின் என்றால் அதற்குள் நின்றுவிடும், பயமில்லை. முழு வலு உள்ள இன்ஜின் நிற்காது.

மறுநாள் காலை, டவுன் மெக்கானிக் வருவதற்கு முன்னால், ஒரு தடவை இழுத்துப் பார்த்துவிடலாம் என்றேன். சந்தோஷமாக வந்தார். டேங்கை இரவே கழுவி மாட்டியிருந்தேன். சங்கிலியை மேல் கொக்கியில் மாட்டினேன்.

கிளட்சை விட்டார். சங்கிலி இறுகியது. அத்தனை மாதமும் அந்த இடத்தில் இளைத்த இன்ஜின் இளைக்கவில்லை. சத்தம் கனத்து, உறுதியாக நின்றது. அவ்வளவு அழகான சத்தத்தை அந்த வண்டியில் நான் அப்பா காலத்துக்குப் பிறகு கேட்டதில்லை. அவருக்கும் கேட்டிருக்கிறது. ஆக்ஸிலேட்டரைப் பாதியில் நிறுத்தி, என் பக்கம் திரும்பினார். முகமெல்லாம் சிரிப்பு. "டேங்க்தானே மச்சான்?"

கிளட்சை மிதிங்க என்று சொல்ல நேரம் இருந்தது. நான் அதை மறைக்கவில்லை.

"டேங்க் இல்ல மாப்ள, பம்பு. முழுசா குடுங்க" என்றேன்.

கொடுத்தார். முன்சக்கரங்கள் இரண்டும் எழுந்தன. ஒரு பெருமூச்சு விடுகிற நேரம்கூட இல்லை. மற்றது நீங்கள் வந்து பார்த்தது. ஸ்டியரிங்கை அவர் நெஞ்சிலிருந்து எடுக்க நான்தான் ஜாக்கி கொண்டுவந்தேன்.

எல்லோரும் விபத்து என்றார்கள். என்னைக் கட்டிப்பிடித்து அழுதார்கள். நான் பேசாமல்தான் இருந்தேன், இருந்திருப்பேன். டவுன் மெக்கானிக் வந்து, கவிழ்ந்து கிடந்த டிராக்டரைச் சுற்றிப் பார்த்துவிட்டு, டேங்கைத் திறந்து முகர்ந்து, "புதுசா கழுவியிருக்காங்க, யாரோ கோளாறக் கண்டுபிடிச்சிட்டாங்க" என்றார். என் தங்கை அழுதுகொண்டே சொன்னாள். "அவருதான். மொத நாள்லேருந்து டேங்க்னு சொல்லிட்டே இருந்தாரு. எங்கண்ணனால முடியாதத அவரே சரி பண்ணிட்டுத்தான் போயிருக்காரு." சுற்றி இருந்தவர்கள் தலையாட்டினார்கள். உதிரிபாகக் கடைக்காரர் என் தோளில் தட்டி, "விடுங்க, எல்லாருக்கும் எல்லாம் வராது" என்றார். நேற்று நீங்கள் அவளிடம் வாங்கிய வாக்குமூலத்திலும் அதுவே இருப்பதாகக் கேள்விப்பட்டேன்.

என் தங்கைக்கு நான் எந்தக் கெடுதலும் நினைத்ததில்லை. விபத்து என்பதை அடித்துவிட்டுக் கொலை என்று எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் முதல் வரியில், அந்த டிராக்டரைச் சரிசெய்தது நான் என்று எழுத வேண்டும்.