ரெண்டாவது செம்புப் பட்டை

— இல்ல சார், அந்தப் பட்டைய நான் போட மாட்டேன்.

— அம்மா, கையெழுத்துப் போடப் பேனாவத் தொறந்தே வச்சிட்டேன். காயில் பாஸ், எண்ணெய் பாஸ். ஒரு முழம் செம்புப் பட்டைக்கா இப்படி மல்லுக்கு நிக்கறீங்க? டிரான்ஸ்ஃபார்மர் படத்துல நடு இரும்புக் கோருக்கு ரெண்டு எர்த்துப் பட்டை இருக்கு, நீங்க ஒண்ணுதான் குடுத்திருக்கீங்க. படத்துல என்ன இருக்கோ அதான் எனக்கு.

— கேளுங்க சார். ஒண்ணு அச்சுல இருக்கு. இன்னொண்ணு யாரோ பேனாவுல கிறுக்கினது. கண்ணாடியப் போட்டுப் பாருங்க.

— பேனாவோ பென்சிலோ, கீழ அப்போ இருந்த இன்ஜினியர் கையெழுத்து இருக்குல்ல? கூடுதல் பாதுகாப்புக்குப் போட்டிருக்காங்க. ஒண்ணுக்கு ரெண்டா இருந்தா நல்லதுதானே?

— சட்டைப் பித்தானுக்கு நல்லது. கோருக்கு ஆகாது. என்னங்க, அந்த மூடியக் கழட்டி சாருக்குக் காட்டுங்க.

— இதோ வந்துட்டேன் முதலாளியம்மா. சார், கொஞ்சம் இப்படி வாங்க. சட்டையில எண்ணெய் தெறிச்சா உங்க வீட்டுல எனக்குத்தான் திட்டு விழும்.

— இவர் யாரு, உங்க ஃபிட்டரா?

— என் வீட்டுக்காரர் சார். காயில் சுத்தறது அவர், கோர் அடுக்கறது நான். இப்ப உள்ள பாருங்க. ஒரே இரும்புக்கட்டி மாதிரி தெரியும். ஆனா அத்தனையும் மெல்லிசு மெல்லிசாத் தகடு, நாலாயிரத்துச் சொச்சம். ஒவ்வொண்ணுக்கும் வார்னிஷ் பூசியிருக்கு. ஒண்ணோட கரண்ட் பக்கத்துத் தகட்டுக்குப் போகக் கூடாது.

— அதெல்லாம் நானும் படிச்சிருக்கேம்மா.

— படிச்சிருப்பீங்க. நான் பிரிச்சிருக்கேன். உங்க மின்வாரிய ஏலத்துல எடுத்துட்டு வந்து, தொட்டியில இருந்து தூக்கினப்போ நாப்பத்திரண்டு தகடு ஒண்ணா உருகிக் கிடந்துச்சு. அதுக்கெல்லாம் புதுத் தகடு வெட்டினேன். மத்தது ஒவ்வொண்ணையும் பிசிறு தேச்சு, வார்னிஷ் அடிச்சு, அடுப்புல வாட்டி, திரும்ப அடுக்கினேன். நாலு மாசம். என் விரலப் பாருங்க, ரேகை இருக்கா? பேங்க்ல மிஷின் என்னைய ஆளுன்னே ஒத்துக்க மாட்டேங்குது.

— குறை சொல்லலம்மா. பழைய கோர்ல இப்படி ஒரு ரீடிங் நான் பாத்ததே இல்ல. பட்டையப் பத்திதான் பேச்சு.

— அதுக்குத்தான் வர்றேன். தகடு உருகின இடம் எது தெரியுமா? ரெண்டு பட்டைக்கும் நடுவுல. ஒரு பட்டை மட்டும் இருந்தா, கோர்ல சேர்ற மின்சாரம் வெளிய போக ஒரு வழி. ரெண்டு இருந்தா, அது வழியா வந்து இது வழியாப் போயி, உள்ளயே சுத்திச் சுத்தி வரும். சூடேறும். வார்னிஷ் கருகும். அப்புறம் தகடே உருகும்.

— ஆனா ஃபைல் வேற சொல்லுதே. இது எரிஞ்சது ஓவர்லோடால. ஆப்பரேட்டர் தூங்கிட்டான், லோடக் குறைக்கல. விசாரணை வச்சு வேலைய விட்டே தூக்கிட்டாங்க.

— மன்னிச்சுக்கங்க சார், ஸ்பானர் கை நழுவிடுச்சு.

— பரவால்லங்க, விடுங்க. சார், ஓவர்லோடுன்னா முதல்ல எது கருகும்?

— காயில்தான்.

— காயில் எப்படி இருந்துச்சுன்னு இவரையே கேளுங்க.

— பழைய காயில் கம்பி மேல சுத்தியிருந்த பேப்பர் சார், உரிச்சுப் பத்திரமா எடுத்து வச்சிருக்கேன். வாங்கி மடக்கிப் பாருங்க. கருகினதுன்னா அப்பளமா நொறுங்கியிருக்கும்.

— ம்... மடங்குது. முறியவே இல்லையே.

— இப்பவும் ரெண்டாவது பட்டையப் போடச் சொல்றீங்களா?

— அம்மா, நான் கையெழுத்துப் போடலன்னா வாரியம் இதத் திரும்ப வாங்காது, இரும்புக் கடைக்குத்தான் போகும். உங்க பட்டறை பேரும் எங்க லிஸ்ட்ல இருந்து போயிடும். இது தெரிஞ்சுதான் பேசறீங்களா?

— நல்லாத் தெரிஞ்சுதான் சார். பட்டையப் போட்டுக் குடுத்தா மறுபடி எரியும். மறுபடி எவனோ தூங்கிட்டான்னு எழுதுவீங்க. என் கையால அடுக்கின கோர்ல அது நடக்காது. இந்த ஊர்ல எவன் வேணா வந்து பிரிச்சுப் பாக்கட்டும், ஒரு தகட்டுல குறை சொல்லட்டும், நான் பட்டறையச் சாத்திடறேன்.

— சரிம்மா, சரி. ஒத்துக்கறேன். பேனாவுல போட்டத பேனாவாலயே அடிச்சிடறேன். ஒரு எர்த்து. இந்தாங்க, பாஸ். இப்ப திருப்தியா?

— சந்தோஷம் சார். ஆனா கீழ ஒரு கட்டம் காலியா இருக்கே.

— அதுவா? 'முன்பு பழுதானதற்குக் காரணம்'. அத யாரும் நிரப்பறதில்ல.

— இதுல நிரப்புங்க. ரெண்டு எர்த்துன்னு எழுதுங்க.

— அப்படி எழுதினா அந்தப் பழைய விசாரணைய மறுபடி தொறக்கணும்மா. எதுக்கு வம்பு? அந்த ஆளு இப்ப எந்த மூலையில கிடக்கிறானோ, யாருக்குத் தெரியும்?

— எழுதுங்க சார். ஏலத்துல அன்னைக்கு ஒம்பது டிரான்ஸ்ஃபார்மர் கிடந்துச்சு, மத்த எட்டும் இதைவிட நல்லா இருந்துச்சு. நாங்க இதத்தான் வேணும்னு எடுத்தோம். இத்தனை நேரமா உங்களுக்கு மூடியத் தொறந்து காட்டினாரே, அந்த ஆளு அவர்தான்.