அண்ணாந்த முகம்

நான் பயந்த சுபாவம் உள்ளவன், மேடம். பேருந்தில் ஒருநாளும் படிக்கட்டில் நின்றது கிடையாது. ஆம்பூர் பைபாஸைத் தாண்டவேண்டுமென்றால், யாராவது பெரியவர் வரும்வரை காத்திருந்து அவர் பின்னாலேயே போவேன். தெருநாய் முறைத்தால் வேறு தெரு வழியாகச் சுற்றி வீட்டுக்குப் போகிறவன். இதை முதலிலேயே சொல்லிவிட்டால், மற்றதைப் புரிந்துகொள்வது உங்களுக்குச் சுலபம்.

பெயர் தமிழ்வேந்தன். தோலுக்குக் கடைசியாக நிறம் ஏற்றுகிற யூனிட்டில் ஸ்ப்ரே கன் பிடித்தேன். ஆட்டின் உடம்பில் முள் கிழித்த கீறல், உண்ணி கடித்த தழும்பு எல்லாவற்றையும் மறைப்பதுதான் அங்கே என் வேலை. கையை நிறுத்தாமல் வீசிக்கொண்டே இருக்கவேண்டும். ஒரு நொடி நின்றால் நிறம் வழிந்து தோல் வீணாகிவிடும். வெளிநாட்டுப் பையன்கள் ரயில் பெட்டிகளில் ஸ்ப்ரே கேனால் எழுதுவதைப் போனில் பார்த்தபோது, இந்த வீச்சு நமக்கு ஏற்கெனவே தெரிந்ததுதானே என்று நினைத்தேன். பாலாற்றுப் பாலத்தின் தூண் ஒன்றில் முதன்முதலாக என் பெயரை அடித்தேன். யாராவது பிடித்துவிடுவார்களோ என்று கை நடுங்கியது. அந்த நடுக்கம் எழுத்தில் அப்படியே விழுந்திருந்தது. நான் அதுவரை செய்த எதையும்விட அது நன்றாக இருந்தது.

படத்தைச் சட்டம் போட்டு வீட்டுக்குள் மாட்டுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. அங்கே அதற்கு எதிரி கிடையாது. தெருச்சுவரில் வரைகிற படம் கட்சி போஸ்டரோடும் மழையோடும் சிறுநீரோடும் சண்டை போட்டு நிற்கவேண்டும். நடந்துபோகிறவனை நிறுத்தினால் அது படம், இல்லையென்றால் வெறும் பெயிண்ட். பிரியாணிக் கடைக்காரர் ஒருவர், "சொவுத்துல ஒரு சாமி படமா போட்டுக் குடு தம்பி, எவனும் ஒண்ணுக்குப் போவமாட்டான்" என்றார். மாட்டேன் என்றேன். சாமியைப் பார்த்துச் செருப்பைக் கழற்றுவார்களே தவிர, படத்தைப் பார்க்கமாட்டார்கள்.

எங்கள் தெருவில் தானியேல் என்று ஒருவர் இருந்தார். என் நண்பன் பிரேம்நாத்தின் அண்ணன். தோல் பதனிடுகிற டேனரி ஒன்றின் கழிவுத் தொட்டிக்குள் மயங்கி விழுந்த ஒருவரைத் தூக்க இறங்கி, இவரும் விஷவாயுவில் போய்விட்டார். வெளியே எடுத்துக் கிடத்தியபோது கூட்டத்தில் நானும் நின்றேன். கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸ் ஒரு மழைக்குத் தாங்காது, சுவரில் வரைந்துகொடு என்று தெருக்காரர்கள் கேட்டார்கள். போட்டோவைப் பார்த்து வரைய உட்கார்ந்தேன். ஆனால் கை, அன்று தரையில் பார்த்த முகத்தைத்தான் வரைந்தது.

அவர் மனைவி ஜாஸ்மின் அண்ணி வந்து அந்தக் கன்னத்தில் கையை வைத்தார். எடுக்கவே இல்லை. பைக்கில் போனவர்கள் இறங்கி நின்றார்கள். எங்கள் தோஸ்த் அஸ்பாக் அதை வீடியோ எடுத்துப் போட, எங்கெங்கோ போய்ச் சேர்ந்தது. சென்னையில் பெரிய பெரிய கட்டடச் சுவர்களில் வரைய ஆள் அனுப்புகிற ஒரு குழுவினர் என்னைக் கூப்பிட்டார்கள். இதே மாதிரி இன்னொரு முகம் வரைந்து காட்டினால், ஆறுமாடிச் சுவர் ஒன்று முழுவதும் எனக்கு என்றார்கள்.

வரைந்தேன். ஷூ கம்பெனி விட்டு வரும் பெண்களை, குடியாத்தத்தில் லுங்கி நெய்கிறவரை, அண்டாவைக் கிண்டுகிற பிரியாணி மாஸ்டரை. ஒருவரும் நிற்கவில்லை. சென்னைக்காரர் மரியாதையாகச் சொன்னார், "நல்லாதான் இருக்கு. ஆனா அந்த தானியேல் மாதிரி இல்லியே." அன்றைக்கு வந்த பயம் மாதிரி எனக்கு எப்போதும் வந்ததில்லை. சாகும்வரை ஆட்டுத்தோலின் கீறலை மறைத்துக்கொண்டே இருந்துவிடுவேனோ என்று தோன்றியது. சோறு இறங்கவில்லை.

யோசித்துப் பார்த்ததில் காரணம் பிடிபட்டது. தானியேல் முகத்தில் பயம் இருந்தது, கலப்படமில்லாத பயம். மற்ற முகங்களில் அது இல்லை. பிரேமை உட்காரவைத்து, பயந்த மாதிரி பார் என்றேன். கண்ணை உருட்டினான், நாக்கைத் துருத்தினான், அப்புறம் சிரித்துவிட்டான். "இன்னாடா பேஜாரு பண்ற. வூட்டுல அண்ணி கறி ஆக்கி வச்சிருக்காங்க, வா துன்னலாம்" என்று கூட்டிக்கொண்டு போனான். நல்ல பையன். அண்ணன் போனபிறகு அந்த வீட்டைத் தாங்கியது அவன்தான். எந்தத் தொட்டியிலும் இறங்கமாட்டேன் என்று அண்ணியின் குழந்தை தலையில் கைவைத்துச் சத்தியம் செய்திருந்தான்.

அவன் இறந்த விவரம் உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. மூடிக் கிடந்த ஒரு டேனரியின் மதில்சுவரில் ஞாயிற்றுக்கிழமை மதியம் நான் வரைந்துகொண்டிருந்தேன். உள்ளே பழைய தொட்டியில் ஆட்டுக்குட்டி விழுந்துவிட்டதென்று பிரேம் என் ஏணியை எடுத்துக்கொண்டு போனான், நான் சுவருக்கு வெளியே இருந்ததால் எதுவும் தெரியவில்லை என்று இதே ஸ்டேஷனில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். நீங்கள் அப்போது எனக்குத் தண்ணீர் கொடுத்தீர்கள். நன்றி.

முப்பதாம் நாளுக்கு அதே மதிலில் பிரேமை வரைந்தேன். அண்ணாந்து பார்க்கிற முகம். நான் வரைந்ததிலேயே அதுதான் சிறந்தது. அடக்கத்துக்காகக் குறைத்துச் சொல்லத் தெரியவில்லை. யாரும் அழவில்லை. நின்றார்கள், பார்த்தார்கள், அப்படியே பின்னால் நகர்ந்தார்கள். ஒரு அம்மா தன் பிள்ளையின் கண்ணைப் பொத்தினார். சென்னையிலிருந்து அன்றே போன் வந்துவிட்டது.

அண்ணி கடைசியாக வந்தார். ரொம்ப நேரம் நின்றார். கன்னத்தில் கை வைக்கவில்லை.

"வேந்தா, யாரப் பாக்கறான் இவன்?"

"வானத்தப் பாக்கறான் அண்ணி."

"வானத்தப் பாக்கறவன் இப்படிக் கெஞ்சமாட்டான்." என்னிடமிருந்து மெல்ல விலகினார். "நீ சொவுத்துக்கு வெளிய இருந்தேன்னு சொன்னியே. அப்புறம் இந்த மூஞ்சி உனுக்கு எப்படித் தெரியும்?"

வேறு மாதிரி வரைந்திருக்கலாம்தான். போட்டோவைப் பார்த்து, சிரிக்கிற முகமாக. அது பொய்யாகிவிடும். நான் படத்தில் பொய் சொன்னதில்லை.

அதற்கப்புறம் எனக்குத் தூக்கமே இல்லை. தெருவில் யார் கூப்பிட்டாலும் உடம்பு தூக்கிப்போடுகிறது. அஸ்பாக் என் கண்ணைப் பார்த்துப் பேசுவதில்லை. இன்று காலை அண்ணியின் சொந்தக்காரர்கள் சுண்ணாம்பு வாளியும் பிரஷ்ஷுமாக மதிலை நோக்கிப் போவதைப் பார்த்ததும் ஓடினேன். நேராக இங்கேதான் வந்தேன். பைபாஸை யாருக்கும் காத்திருக்காமல் தாண்டினேன், லாரிக்காரன் திட்டினான்.

அந்தச் சுவர் இப்போது கொலை வழக்கில் சாட்சியம், மேடம். சாட்சியத்தின்மேல் சுண்ணாம்பு அடிக்கக்கூடாது என்று சட்டம் இருக்குமே. ஒரு கான்ஸ்டபிளை அனுப்பி அவர்களை நிறுத்துங்கள். அவர் கிளம்பட்டும், மீதியை நான் நிதானமாகச் சொல்கிறேன்.

அன்றைக்கு எங்களோடு அஸ்பாக்கும் இருந்தான். டீ வாங்கிவரப் போயிருந்தான், அது பிரேமுக்குத் தெரியாது. நான் ஏணியைத் தொட்டிக்குள் இறக்கி வைத்துவிட்டு, "பிரேம், அஸ்பாக் உள்ள விழுந்துட்டான்டா" என்று கத்தினேன். எங்கள் ஊரில் இப்படி ஒரு சத்தம் கேட்டால் யாரும் யோசிக்கமாட்டார்கள், எத்தனை பேர் செத்தாலும் யோசிக்கமாட்டார்கள். பிரேமும் சத்தியத்தை நினைக்கவில்லை. பாட்டில் தண்ணீரைக் கர்ச்சீப்பில் கொட்டி மூக்கோடு வாயையும் சேர்த்துக் கட்டிக்கொண்டான். ஈரத்துணி கட்டினால் வாயு ஏறாது என்று இங்கே எல்லோருக்கும் ஒரு நம்பிக்கை. தானியேல் அண்ணனும் கட்டிக்கொண்டுதான் இறங்கினார்.

நான் இறங்கவில்லை. என் சுபாவம்தான் உங்களுக்குத் தெரியுமே. அவனைச் சாகடிக்கவேண்டும் என்று நான் நினைத்ததே இல்லை, இதைத் தயவுசெய்து அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். ஒரு பார்வை பார்த்துக்கொண்டு உடனே தூக்கிவிடலாம் என்றுதான் இருந்தேன். பிரேம் இறங்கி, முழங்காலளவு சேற்றில் நின்று கையால் துழாவிவிட்டு, "இங்க யாரும் இல்லடா" என்றான். மதிய வெயில் அவன்மேல் நேராக விழுந்தது. ஏணியின் நிழல் மட்டும் முகத்தில் குறுக்கே கோடு போட்டுக்கொண்டிருந்தது, அதனால் ஏணியை மேலே இழுத்துக்கொண்டேன். பிறகு திரும்ப வைத்தேன், அஸ்பாக் டீயோடு வருவதற்குள் வைத்துவிட்டேன்.

இழுத்தபோது அவனுக்குக் கால் தளர ஆரம்பித்திருந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து என்னைப் பார்த்தான். நான் தேடிக்கொண்டிருந்தது அந்தக் கண்ணில் வந்துவிட்டது. ஆனால் பாதி முகம் துணிக்குள் இருந்தது. "பிரேம், அந்தக் கர்ச்சீப்ப கொஞ்சம் எறக்குடா, வாய் தெரியல" என்றேன்.

சின்ன வயதிலிருந்தே நான் எது சொன்னாலும் கேட்கிறவன். இறக்கினான்.