பார்லிமெண்டில் தூங்கியவள்

ஹெப்பாள் பஸ்ஸில் என் முன்சீட்டில் இரண்டு கல்லூரிப் பெண்கள்.

"பார்லிமெண்டுல தூங்கினதுக்கு என்னை மட்டும் எழுப்பி வெளியே அனுப்பிட்டாங்க" என்றாள் சன்னலோரத்தில் இருந்தவள்.

"காலேஜ் டூர்ல டெல்லி வரைக்கும் போய் தூங்கினியா?"

"பார்வையாளர் கேலரியில பேசக்கூடாது, கால் மேல கால் போடக்கூடாது. வேற என்னடி பண்றது? கீழே ஒரு எம்.பி.யும் தூங்கிட்டுதான் இருந்தார்."

"அவர் ஓட்டு வாங்கிட்டுத் தூங்கறார். நீ பாஸ் வாங்கிட்டுத் தூங்கின."

"சிரிக்காதே. நாளைக்கு அப்பா வந்தாதான் பரீட்சைன்னு பிரின்ஸிபால் சொல்லிட்டார். அப்பாவுக்குத் தெரிஞ்சா படிப்பையே நிறுத்திடுவார்."

"வேற யாரையாவது அப்பான்னு கூட்டிட்டுப் போ. பின்னாடி ஒரு அங்கிள் இருக்கார் பாரு. வழுக்கை, கண்ணாடி, அப்படியே அப்பா முகம்."

எனக்கு வேர்த்துவிட்டது. என் மகளின் ஹெட்மிஸ்ட்ரஸைப் பார்க்கவே மனைவியை அனுப்புகிறவன் நான். கண்ணை இறுக மூடிக்கொண்டேன். நம்பும்படி இருக்கட்டும் என்று கொஞ்சம் குறட்டையும் விட்டேன்.

"ஐயோ, இவர் வேண்டாம். பிரின்ஸிபால் முன்னாடியும் தூங்கிடுவார்."

"தூங்கட்டுமே. பரம்பரை வியாதின்னு பிரின்ஸிபாலே நம்பி உன்னை விட்டுடுவார். எழுப்பிக் கேளு."

நான் இறங்கவேண்டிய விஜயநகர் வந்தது, போனது. குறட்டையை மட்டும் நான் நிறுத்தவில்லை.