கண்ணகையின் தாய்

தெரியாததை ஊகித்து நிரப்புவது என் பழக்கமில்லை, ஐயா. களுவாஞ்சிக்குடியில் பதினொரு வருடமாகப் போட்டோக்கொப்பிக் கடை வைத்திருக்கிறேன். கேட்பவர்களுக்குக் கணினியில் குடும்ப மரமும் போட்டுக் கொடுப்பேன். மூதாதையர் பெயர் தெரியாவிட்டால் அந்தப் பெட்டியில் 'பெயர் தெரியாது' என்றுதான் அடிப்பேன். வாய்க்கு வந்த பெயரைப் போடச் சொல்பவர்களை வேறு கடை பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.

மரண விசாரணைக்கு வந்த நீங்கள் கேட்டது, மேனுகா கடைசியாக எங்கே வந்தாள் என்பதை மட்டும்தான். பதிவில் பிழை இருக்கக் கூடாது. அதனால் மிச்சத்தையும் சொல்கிறேன்.

மேனுகா தேற்றாத்தீவுப் பிள்ளை. என் ஒரே மகன் உதயரூபனுக்குப் பேசி முடித்திருந்தோம். நல்ல பிள்ளை, குறை சொல்லமாட்டேன். ஆனால் எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்த ஆண்பிள்ளை பெண் வீட்டோடு போய்விடுவான். நானும் அவன் தகப்பனை அப்படித்தான் கொண்டுவந்தேன். அவருடைய தாய் அழுததை அன்று நான் கவனிக்கவில்லை. என் மனுசன் செத்து ஒன்பது வருடம். மகனும் போனால் வீட்டில் நானும் பல்லியும்தான்.

கலியாண மண்டபத்தில் வைக்கத் தாய்வழி மரம் வேண்டுமென்று மேனுகா வந்தாள். அவளுடைய அம்மம்மா கண்ணகை, ஐம்பத்தேழாம் ஆண்டு வெள்ளத்தில் கைக்குழந்தையாகக் கண்டெடுக்கப்பட்டவள். பெற்றவள் யாரென்று தெரியாது. அதனால் அவர்களுடைய குடியும் தெரியாது. தாய்வழிக் குடி ஒன்றாயிருந்தால் இங்கே சம்பந்தம் செய்யமாட்டார்கள். அது அண்ணன் தங்கச்சி முறை.

கண்ணகையின் தாய்க்குரிய பெட்டியில் சீதேவி என்று அடித்தேன். சீதேவி என் அம்மம்மாவின் தங்கை, அதே வெள்ளத்தில் போனவள். அவளுக்குக் கலியாணமும் ஆகவில்லை, பிள்ளையும் இல்லை. அதை அறிந்தவர்களில் உயிரோடிருப்பது நான் மட்டும். பழைய கொப்பி ஒன்றில் கண்டதாகச் சொன்னேன், எல்லோரும் நம்பினார்கள்.

மேனுகா முதலில் சந்தோசத்தில் அழுதாள். கண்ணகை அம்மம்மாவுக்கும் ஒரு அம்மா கிடைத்துவிட்டாள் என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவளும் என் மகனும் ஒரே குடியாகி, அண்ணன் தங்கச்சி முறையாகிவிட்டார்கள் என்பது பிறகுதான் விளங்கியது. கலியாணம் நின்றது. போன சனிக்கிழமை கடைக்கு வந்தாள்.

"வடிவாப் பாத்தீங்களா மாமி? அது வேற சீதேவியா இருக்கலாம்தானே?"

"வடிவாப் பாத்தன் புள்ள. இனி என்னைப் பெரியம்மா எண்டு கூப்பிடு."

பின்னேரம் வாவிக்கரையில் அவளுடைய செருப்பைக் கண்டார்களாம். ஞாயிறு காலையில் தோணிக்காரர் உடலைக் கொண்டுவந்தார்கள். எல்லாம் என் வேலைதான், கையொப்பம் வைக்கிறேன். பெத்த மனம் பித்து என்று சும்மாவா சொன்னார்கள். மகன் இப்போது என் வீட்டில்தான் இருக்கிறான். வாய் திறப்பதில்லை, போட்டால் சாப்பிடுகிறான். போகப் போகச் சரியாகிவிடும்.

ஒரு உதவி, ஐயா. மரத்தில் மேனுகா இறந்த திகதி இன்னும் வெறுமையாக இருக்கிறது. சனியா, ஞாயிறா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். பிழையாக ஒன்றைப் போட எனக்கு மனம் வராது.