எங்கடை மருந்து

இன்று இரண்டாயிரத்து எட்டாம் ஆண்டு நவம்பர் மாதம் எட்டாம் நாள், சனிக்கிழமை. எனக்கு வயது எழுபத்து மூன்று ஆண்டும் நான்கு மாதமும் பதினொரு நாளும். இரக்கம் தேடி வயதைச் சொல்லவில்லை. இந்த வயதுக்காரியை மேடையிலிருந்து இறக்க இரண்டு பேர் கைபிடிக்க வேண்டும், அதற்குள் அவள் சொல்ல வந்ததைச் சொல்லி முடித்துவிடுவாள் என்பதைத் தலைவர் அறிந்திருக்கட்டும்.

அவைக்குத் தலைமை தாங்கும் அன்பர் வரதராசா அவர்களே. வலப்புறம் வீற்றிருக்கும் வணக்கத்துக்குரிய சூசைரட்ணம் அடிகளாரே. இடப்புறம் இருக்கும் ஆலய அறங்காவலர் இராசதுரை அவர்களே. முன்வரிசையில் முதுகு நிமிர்த்தி அமர்ந்திருக்கும் மூத்தோரே. மடியில் மழலையும் பையில் வடையுமாக ஈரப்பனியைக் கடந்து வந்திருக்கும் தாய்மாரே. கதவோரம் நின்று கைக்கடிகாரம் பார்க்கும் தந்தையரே. தமிழ் விளங்காமலே தமிழ் விழாவுக்கு அழைத்துவரப்பட்ட இளையோரே, உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

வாசலில் என்னை வரவேற்ற தங்கேஸ்வரி, "கந்தசஷ்டி விரதம் பிடிச்சு நல்லா மெலிஞ்சிட்டியள் ரீச்சர், முகத்திலை ஒரு களை வந்திருக்கு" என்று சொன்னார். நான் விரதம் பிடிப்பதை விட்டு நாற்பது ஆண்டாகிறது. ஆனாலும் வாசலிலே வைத்து ஒரு நல்ல மனத்தை நோகடிக்கக்கூடாது என்று பேசாமல் உள்ளே வந்தேன்.

எனக்குத் தரப்பட்ட தலைப்பு 'புலம்பெயர் மண்ணில் தாய்மொழி'. தமிழ் தேன் என்றும் தமிழ் தேனினும் இனியது என்றும் சொல்லிவிட்டு நான் இறங்கிவிடலாம். நீங்களும் கைதட்டிவிட்டு வடைக்குப் போகலாம். அவ்வாறு செய்யப் போவதில்லை. தாய்மொழியில் ஒரே ஒரு சொல்லை எடுத்திருக்கிறேன். அந்தச் சொல்லில் இன்று ஒரு மனிதனின் வாழ்வு தொங்குகிறது. அவன் வீட்டுக்குப் போவதா சிறைக்குப் போவதா என்பதை நாளை மறுதினம் ஒஸ்லோ நீதிமன்றம் கேட்கப்போகிறது.

அந்தச் சொல், எங்கடை.

'எங்களுடைய' என்ற பன்மைச் சொல்தான். ஆனால் யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் அதைப் பன்மையாகவா பேசுகிறோம்? ஒற்றைப் பிள்ளையாய்ப் பிறந்தவனும் "எங்கடை அம்மா" என்கிறான். கட்டியவள் ஒருத்தியே ஆனாலும் "எங்கடை மனுசி" என்கிறான். தனியே குடியிருக்கும் நானும் "எங்கடை வீட்டை வாங்கோ" என்றுதான் அழைக்கிறேன். 'என்' என்று சொல்ல நமக்குக் கூச்சம். அந்தக் கூச்சத்தைப் பண்பு என்றோம். அந்தப் பண்பு இன்று பொலிஸ் கோப்பில் குற்றமாய்க் கிடக்கிறது.

லோறென்ஸ்கூக்கில் என் வீட்டுக்கு மூன்று வீடு தள்ளி இருக்கும் மார்க்கஸை உங்களுக்குத் தெரியும். தெரியாது என்று இப்போது சிலர் முகம் சொல்கிறது. தெரியும். ஹம்மர்பெஸ்ட் மீன் தொழிற்சாலையில் விரல் விறைக்க உழைத்து, தெற்கே வந்து, ஒரு பழைய வான் வாங்கியவர். லோறென்ஸ்கூக்கில் வீடு வாங்கிய உங்களில் எத்தனை பேருடைய சோபாக்களை அந்த வான் சுமந்தது? எத்தனை பேருடைய குளிர்சாதனப் பெட்டியை அந்த முதுகு மூன்றாம் மாடிக்கு ஏற்றியது? அப்போது அவர் "எங்கடை மார்க்கஸ்". நரம்புகளின் மேலுறையைத் தின்னும் அந்த நோய், இங்கே எம்.எஸ். என்கிறார்களே, அது வந்து கால் இழுத்தபோது அவர் "எமிலியின்ரை மனுசன்". சித்திரையில் பொலிஸ் வந்து போனபின் அவர் "அந்த மன்னார் ஆள்". ஒரு மனிதன் ஒரு தெருவை விட்டும் நகரவில்லை. நாமோ அவனை எங்கேயோ கொண்டுபோய் விட்டுவிட்டோம்.

அந்த நோயின் வலியை நான் பார்த்திருக்கிறேன். கால் இரண்டும் பலகையாய் விறைத்து, தாமாகவே உதைத்து, கட்டிலிலிருந்து ஆளைத் தள்ளும். கொடுத்த குளிசைகள் வலியைத் தொடவில்லை, ஆளைத்தான் தொட்டன. பகலெல்லாம் வாயோரம் எச்சில் வழிய உறங்கினார். கஞ்சாவிலிருந்து எடுக்கும் மருந்துக்கு அவருடைய வைத்தியரே விசேட அனுமதி கேட்டு எழுதினார். மறுத்தார்கள். மீண்டும் எழுதினார். மீண்டும் மறுத்தார்கள். அதன் பிறகுதான் நிலக்கீழ் அறையில், விளக்கின் கீழே, சில செடிகள் முளைத்தன. ஒருவருக்குக் கொஞ்சம் அதிகம் என்று பொலிஸ் சொல்லும் அளவுக்குச் செடிகள்.

என்ன, பின்னாலே யார்? "ரீச்சர், பிள்ளையள் இருக்கினம்" என்றா? இருக்கட்டும் தங்கச்சி. பிள்ளைகளுக்கு இதெல்லாம் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்துவிட்டார்கள். இங்கே தெரியாமல் இருப்பது உங்களுக்குத்தான்.

நான் பேராதனையில் தாவரவியல் படித்தவள். ஒரு செடி நல்லதுமில்லை, கெட்டதுமில்லை. அபினிலிருந்து எடுத்த மோர்பினை இந்த நாட்டு மருந்துக்கடை தாளில் சுற்றித் தருகிறது, "விரைவில் குணமடைக" என்று வாழ்த்தியும் தருகிறது. கஞ்சா என்றால் கைவிலங்கு. நம் ஊர் வைத்தியர் லேகியத்தில் அதைச் சேர்த்தபோது நம் பாட்டன்மார் அவரைக் கும்பிட்டார்கள். இன்று கனடாவிலே இருக்கும் நம் உறவுக்கு இதே நோய் வந்தால் அனுமதி அட்டை கிடைக்கும். நெதர்லாந்திலே இருந்தால் வைத்தியரின் துண்டோடு மருந்துக்கடைக்குப் போகலாம். அகதியாய் ஓடும்போது எந்த விமானத்தில் இடம் கிடைத்தது என்பதா, ஒரு மனிதன் நோயாளியா குற்றவாளியா என்பதைத் தீர்மானிப்பது?

விசாரணைக்கு வருகிறேன். மார்க்கஸின் சட்டத்தரணி, நோர்வேஜியப் பெண், ஒலிப்பதிவை எனக்குப் போட்டுக் காட்டினார். அதிகாரி கேட்கிறார், "இது யாருடையது?" மார்க்கஸ் சொல்கிறார், "இது எங்கடை மருந்து ஐயா, சும்மா பழக்கத்துக்கு இல்லை." மொழிபெயர்த்தது தமிழ்நாட்டிலிருந்து வந்த ஓர் இளம்பெண். படித்தவள், கவனமானவள். 'எங்களுடைய மருந்து' என்று நோர்வேஜிய மொழியில் சொன்னாள். உடனே அதிகாரியின் குரல் மாறுகிறது. "எங்களுடைய என்றால் யார் யார்?" அதன்பின் அந்த நாடாவில் பேச்சே இல்லை. கதிரை கிறீச்சிடுகிறது. மார்க்கஸின் கால் மேசையை உதைக்கும் சத்தம் கேட்கிறது. மார்க்கஸ் வாய் திறக்கவில்லை.

வாய் திறக்காததால் அது கும்பல் ஆயிற்று. சொந்தப் பாவனை என்ற சிறு குற்றம், மற்றவர்க்கு வழங்கல் என்ற பெருங்குற்றம் ஆயிற்று. நாலு தப்படி நடக்க இரண்டு தடி வேண்டிய மனிதன் போதைவஸ்துக் கடத்தல்காரன் ஆனான்.

சட்டத்தரணி என்னிடம் கேட்டது ஒன்றுதான். "நீங்கள் ஓய்வுபெற்ற ஆசிரியை. சாட்சியாக வந்து, அந்தப் பேச்சுவழக்கில் அந்தச் சொல் ஒருவனுக்கு மட்டும் உரியது என்று பொருள்படும் என்று விளக்குவீர்களா?" விளக்குகிறேன் என்றேன்.

பொலிஸ் வந்துபோன நாளிலிருந்து எமிலியின் வீட்டு மணியை அடித்த தமிழர் யார்? தமிழ்க் கடையிலே எமிலி மரக்கறித் தட்டின் இந்தப் பக்கம் வந்தால் நீங்கள் அந்தப் பக்கம் போகிறீர்கள். என் காதாலே கேட்டேன், ஒரு தாய் தன் பிள்ளையின் கையைப் பிடித்து இழுக்கிறாள். "அங்கை போகாதை, அது கஞ்சாக்காரன்ரை வீடு." அடிகளாரே, கரோல் குழுவில் மார்க்கஸின் இசைப்பெட்டியை வேறொருவர் கையில் கொடுத்தீர்கள். அவருக்குக் கை விறைக்கிறது என்று காரணம் சொன்னீர்கள். விறைத்தது கைதானா? நீங்கள் சிரிக்க வேண்டாம் இராசதுரை, உங்கள் ஆலயத்து அன்னதானத்துக்கு அரிசி மூட்டை இறக்கியதும் அந்தக் கைதான்.

"ஊரிலே குண்டு விழும் நேரத்தில் இதுவா கதை?" என்று நேற்றுத் தொலைபேசியில் ஒருவர் கேட்டார். அந்தக் கேள்விக்கு மதிப்புண்டு. பாராளுமன்றத்துக்கு முன்னால் உள்ள கல் முற்றம் உங்களுக்குத் தெரியும். நம் சனத்துக்காக அங்கே எத்தனை முறை நின்றோம்? வழியால் போகும் நோர்வேஜியன் திரும்பியும் பாராமல் ட்ராமில் ஏறியபோது நம் நெஞ்சு எப்படி எரிந்தது? அதே முற்றத்தில், மருந்தை மருந்துக்கடையில் தா என்று கேட்டு, சக்கர நாற்காலிகளுக்கு நடுவே நானும் மாதந்தோறும் அட்டை பிடித்து நிற்கிறேன். திராமன் நகரத்திலிருந்து வரும் ஒரு தச்சன், பார்வை மங்கிய ஒரு நூலகப் பெண், நான். நம்மவர் என்னைக் காண்கிறார்கள். கண்டதும் ட்ராமில் ஏறுகிறார்கள்.

நாங்கள் கேட்பது பெரிதல்ல. போதைக்குக் கதவு திற என்று கேட்கவில்லை. தெருவிலே விற்கட்டும் என்றும் கேட்கவில்லை. வைத்தியர் எழுதட்டும், மருந்தாளர் அளக்கட்டும், நோயாளி வாங்கட்டும். வலிக்கு வழி கேட்பவனை வழிப்பறிக்காரனோடு ஒரே வரிசையில் நிறுத்தாதே. இவ்வளவுதான்.

தலைவர் மணியில் கைவைத்துவிட்டார். அடியுங்கள் வரதராசா, பரவாயில்லை, முடிவுக்கு வந்துவிட்டேன். என்னை அழைத்த மன்றத்துக்கும், ஒலிவாங்கியை நிறுத்தாமல் விட்ட தம்பிக்கும், எழுந்து போகாமல் இருந்த உங்களுக்கும் நன்றி. எழுந்து போன மூவருக்கும் நன்றி, கதவை மெதுவாகச் சாத்தினார்கள். திங்கட்கிழமை நீதிமன்றத்தில் பொதுமக்களுக்கென்று வாங்குகள் உண்டு. அவை வெறுமையாய் இருந்தால் நீதிபதி காண்பது ஆளில்லாத ஒரு குற்றவாளியை. நிறைந்திருந்தால் காண்பது ஊருள்ள ஒரு நோயாளியை. வந்து அமருங்கள். பேச வேண்டாம், பேசத் தெரிந்தவள் நான் இருக்கிறேன்.

அங்கே நான் என்ன பேசப்போகிறேன் என்பது மட்டும் மிச்சம். 'எங்கடை' என்றால் ஒருவனுக்கு உரியது என்று விளக்க ஒத்துக்கொண்டேன் அல்லவா? அந்த இலக்கணம் சரி. அந்தச் சாட்சியம் பொய். அதை நான் சொல்ல முடியாது என்று நேற்றுச் சட்டத்தரணியிடம் சொல்லிவிட்டேன்.

அந்த இளம்பெண் சரியாகத்தான் மொழிபெயர்த்தாள். சென்ற ஆண்டு வசந்தத்திலிருந்து எனக்கு வயிற்றில் புற்றுநோய். மருந்து ஏற்றிய நாட்களில் தண்ணீரும் தங்கவில்லை. எமிலியின் குசினித் தொட்டியில் நான் வாந்தி எடுத்ததைக் கண்டு, "ரீச்சர், நீங்கள் செடி படிச்சனீங்கள், இதுக்கு முகம் சுளிக்க மாட்டியள்" என்று மார்க்கஸ் தன் மருந்தில் பாதியை எனக்குத் தந்தார். அன்றிரவு கஞ்சி குடித்தேன், அது தங்கியது. அதிகமாய் நின்ற செடிகள் எனக்காக நின்றவை. காசு கைமாறவில்லை. பொலிஸ் வந்துபோன மறுநாள், "நீங்கள் வாயைத் திறக்காதேங்கோ, உங்களுக்கு ஏலாது, நான் பாக்கிறன்" என்றார். இன்றுவரை அவர் சொற்கேட்டேன், இனிமேல் இல்லை. தங்கேஸ்வரி, இது விரதம் அல்ல.

மூன்றாம் வரிசையில் இருக்கும் என் மகன் ரிஷிகேசனுக்கும் இது இப்போதுதான் தெரிகிறது. கேசன், கண்ணைத் துடை. திங்கட்கிழமை லீவு எடு. மார்க்கஸின் சக்கர நாற்காலி ஏறக்கூடிய வாகனமாய்ப் பார். எங்களை நீதான் ஏற்றிக்கொண்டு போகவேண்டும்.

அவைக்கு வணக்கம்.