ஸ்பானர் பிடித்த குரங்குகள்

— குரங்கா? குரங்கு எப்படித் தாத்தா நட்டைக் கழட்டும்?

— கழட்டும் ஆத்தா. இது மலைக் குரங்கு. வாழப்பழத்துக்குப் பல்லைக் காட்டுற ஊர்க் குரங்குன்னு நெனச்சுக்கிராத.

— சரி, கழட்டுச்சு. நெட்டு டிஷ்ஷை மேக்க பாத்துத் திருப்புச்சு. அப்புறம் அதே நட்டை முறுக்கி டைட்டும் வச்சுட்டுப் போச்சா?

— நல்லா வளத்த குரங்கு. எடுத்ததை எடுத்த எடத்துல வச்சுரும்.

— ஒச்சாண்டி தாத்தா, விளையாட நேரமில்லை. எங்க காலேஜ் பசங்க பைப்பைத் தோள்ல சுமந்து வந்து உங்க மோட்டார் ரூம் மேல ஏன் நட்டோம்? இந்த மேட்டுல இருந்து பாத்தாத்தான் கீழ பள்ளத்துல இருக்குற பள்ளிக்கூடம் நேரா தெரியும். இப்ப டிஷ் அதுக்கு முதுகைக் காட்டிக்கிட்டு நிக்குது!

— கோவமா இருக்கும்.

— மூணு மணிக்கு எபனேசர் சார் காலேஜ்ல இருந்து வீடியோ கால் போடுவாரு. நெட்டுக்குப் பணம் குடுத்தவங்களும் பக்கத்துல உக்காந்து பாப்பாங்க. பிள்ளைங்க மூஞ்சி திரையில வரலைன்னா, மத்த மலைப் பள்ளிக்கூடம் எதுக்கும் நெட்டு கெடையாது. இந்த டிஷ்ஷையும் கழட்டிட்டுப் போயிருவாங்க.

— கழட்டிருவாகளா?

— ஆமா.

— அவுக வந்து கழட்டப் போறதை நீ ஏன் ஆத்தா முந்திக்கிட்டுக் கழட்டுற? உக்காரு, மோர் குடி.

— வந்ததுல இருந்து மோராத்தான் ஊத்துறீங்க. வயித்துக்குள்ள கண்மாயே ரொம்பிருச்சு. ஏணி எங்க?

— காத்து கொண்டு போயிருச்சு.

— காத்தா?

— இங்கன காத்து லேசுப்பட்டதில்ல. போன ஆடியில என் வெள்ளாட்டைத் தூக்கிட்டுப் போயி, சுருளிப்பட்டியில ஒரு திராட்சைப் பந்தல் மேல உக்கார வச்சிருச்சு. எறங்கத் தெரியாம அங்கனயே மேஞ்சிருக்கு. ஓட்டியாந்து பாலைக் கறந்தா ஊதாக் கலரு. டீயிலகூட சேரல.

— ஏணி உங்க முதுகுக்குப் பின்னால சாஞ்சிருக்கு.

— அட, திரும்பிக் கொண்டாந்து வச்சிருச்சு பாரேன்.

— மதன்! மதன்குமார், கேக்குதா? ஓவர்.

— கேக்குது சுபாஸ்ரீ. எறங்கிக்கிட்டே இருக்கேன். முட்டி ரெண்டும் தனியா வருது. ஓவர்.

— சீக்கிரம் போ. பள்ளிக்கூடத்துல பிள்ளைங்களை வரிசையா உக்கார வை. ஜெபஷீலா டீச்சர்கிட்ட சொல்லி டேப்லெட்டை ஆன் பண்ணு. நான் இங்கன இருந்து டிஷ்ஷை உன் பக்கம் திருப்புறேன். ஓவர்.

— அந்தத் தம்பி எதுக்கு ஆத்தா வாக்கி டாக்கிய வச்சுக்கிட்டு அலையுது? போன் போட்டா ஆகாதா?

— பள்ளத்துல சிக்னல் இல்லை. அதுக்குத்தானே இம்புட்டு பாடு! ஏணியை விடுங்க தாத்தா.

— நீ விழுந்திரக் கூடாதுன்னு பிடிச்சிருக்கேன்.

— நான் இன்னும் ஏறவே இல்லை!

— ஏறி விழுந்தப்பறமா பிடிக்க முடியும்?

— டிஷ்ஷோட வயரு வர்ற அந்த நெட்டுப் பெட்டி மேல எதுக்குத் துண்டைப் போத்தியிருக்கீங்க?

— அதுக்குக் குளிருது.

— மண்டையைப் பொளக்குற வெயில்லயா?

— குளிர்காச்சல். தொடாத, ஒட்டிக்கிரும்.

— கடவுளே! சரி, அந்தக் குரங்கு எத்தனை வந்துச்சு?

— ஒரு ஜீப்பு நெறைய.

— ஜீப்புல வந்துச்சா?

— பின்ன நடந்தா வரும்? ஏலத்தோட்டத்துக்குப் போற ஜீப்பு. நின்னுச்சு. தொபுதொபுன்னு குதிச்சுச்சுக. அதுல ஒரு பொட்டக் குரங்கு, அதுதேன் மேஸ்திரி. எங்கிட்ட மருவாதியாக் கேட்டு மோட்டார் ஸ்பானரை வாங்குச்சு. "ஏலே, மெல்லத் திருப்பு. பீப் சத்தம் வேகமாக் கேட்டா நிப்பாட்டிரு"ன்னு மத்ததுகளை அதட்டுது.

— பேசுச்சு?

— தமிழ்தேன். எல்லையோரமில்லையா, நடுவுல ஒண்ணு ரெண்டு மலையாளம்.

— தாத்தா... அந்த பீப் சத்தத்தை வச்சுத் திருப்புறது, நான் பள்ளிக்கூடத்துல பிள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுத்தது. அது உங்களுக்கு எப்படித் தெரியும்?

— குரங்கு சொல்லுச்சுங்குறேன். காது மந்தமா உனக்கு?

— சுபாஸ்ரீ! சுபாஸ்ரீ! ஓவர்!

— கத்தாத, சொல்லு.

— பள்ளிக்கூடம் பூட்டிக் கெடக்கு. பிள்ளைங்களும் இல்லை, டீச்சரும் இல்லை. ஊர்ல எல்லா வீட்டுக் கதவுலயும் பூட்டு. ஒரே ஒரு நாய் இருக்கு. அதுவும் குரைக்க மாட்டேங்குது.

— பள்ளிக்கூட மாடில நாம வச்ச இன்னொரு டிஷ் இருக்கா பாரு!

— பைப்பு மட்டும் மொட்டையா நிக்குது. டிஷ்ஷை யாரோ தூக்கிட்டாங்க. ஓவர்.

— போச்சு. எல்லாம் போச்சு. கேட்டீங்களா தாத்தா? திருடிட்டாங்க. சாருக்கு நான் என்ன பதில் சொல்ல? போலீசுக்குப் போன் போடுறேன்.

— போலீசு வேணாம் ஆத்தா.

— ஏன், குரங்கு பயந்துக்குமா?

— குரங்கு பயப்படாது. டீச்சரம்மா பயப்படுவாக. மேலாபீசுல கேக்காம அவுக ஒரு எட்டு அங்கிட்டு இங்கிட்டு வைக்கக் கூடாதுல்ல.

— டீச்சர் எங்க போனாங்க? ஊர் எங்க போச்சு?

— ஏலக்காச் சீசன். ஆத்தாளும் அப்பனும் தோட்டத்துலயே தங்கிருவாக. பிள்ளைகளை ஆருகிட்ட விட்டுட்டுப் போவாக? வருசா வருசம் இந்த மாசத்துல பள்ளிக்கூடத்துல பல்லிதேன் உக்காந்து படிக்கும்.

— இதை வந்ததும் சொல்லியிருந்தா நான் சாரைக் கெஞ்சியாவது வேற நாளு கேட்டிருப்பேன்ல? குரங்கு, காத்து, ஆட்டுப்பாலு! துண்டை எடுங்க.

— காச்சல்...

— எடுங்கன்னா! ...பச்சை.

— அப்படியா?

— பச்சை லைட்டு எரியுது! எதிர்ல ஒரு டிஷ் இருந்தாத்தான் இது எரியும். மேக்க என்ன தாத்தா இருக்கு? காடு, அதுக்கப்புறம் கேரளா. அங்கிட்டு யாருக்கு நம்ம நெட்டு போகுது?

— அங்கிட்டிருந்து நமக்குத் தண்ணி வருது. பதிலுக்கு மொறை செஞ்சதா வச்சுக்கயேன்.

— சுபாஸ்ரீ, நான் மேல வரவா, இங்கனயே நாய்கூட இருக்கவா? ஓவர்.

— இரு மதன், போன் அடிக்குது. சார்தான், செத்தேன்... இல்லை. பள்ளிக்கூட டேப்லெட்டுல இருந்து வீடியோ கால். பூட்டிக் கெடக்குற பள்ளிக்கூடத்துல இருந்து யாரு கூப்பிடுறது? ஹலோ?

— அக்கா, நான் அஞ்சாப்பு மாரீஸ்வரி. இங்கன ஆத்தா அப்பா தங்குற ஏலத்தோட்டத்து லயத்துல பள்ளிக்கூட டிஷ்ஷைக் கொண்டாந்து மாட்டி, எல்லாரும் யூனிபார்ம் போட்டு வரிசையா உக்காந்திட்டோம், ஜெபஷீலா டீச்சர் போர்டுல தேதிகூட எழுதிட்டாக. நீங்க டிஷ்ஷை மட்டும் அசைச்சிராதீகக்கா, பச்சை எரிஞ்சா ஆரு வந்து சொன்னாலும் தொடக் கூடாதுன்னு நீங்கதேன எங்களுக்குச் சொல்லிக் குடுத்தீக!